சீட்டுக்குள் அட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன், இன்றைக்கும் நினைத்துக்கொண்டேன், கோபத்தோடு. போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ அழ ஆரம்பிப்பாய், நீ அழுதால் நான் சரி விடு என்று சமாதானம் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன், நம் இரண்டு பேருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. இதில் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் உன்னால் வாயைத் திறக்க முடியாது. அப்பாவுக்கு ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கியாயிற்று. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நல்ல மாதிரி, தலைக்கு மேலே ஆள் இருக்கிற சத்தமே இல்லை. மற்ற சேதியெல்லாம் அவ்வளவுதான், இனி சைக்கிள் சேதி.

மழையில் செடி நர்சரிக்கு வேலைக்குப் போகிற வழியில் சைக்கிள் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன் அல்லவா, அன்றிலிருந்து நீ ஒரே பாட்டாகப் பாடினாய், சைக்கிளும் வேண்டாம், செடி நடுகிற வேலையும் வேண்டாம், பேசாமல் இங்கே வந்து எங்களோடு இருந்துவிடுங்கள் என்று. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, காயம் ஆறியதும் மறுபடி ஏறிவிட்டேன். அதற்கப்புறம்தான் அந்த வலி வந்தது. ஏறி உட்கார்ந்து கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் இடுப்பெலும்பில் குத்தும், நர்சரி வாசலில் இறங்கினால் நிமிர்ந்து நிற்க முடியாது. சீட்டின் மேலுறை ஓரமெல்லாம் கிழிந்து தொங்கியதால் அதுதான் உறுத்துகிறதோ என்று துண்டை மடித்துக் கட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிரயோஜனம் இல்லை. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றும் தெரியவில்லை, வயதுக்கு உண்டானதுதான் என்றார். நீ போனில், "வயசாச்சுல்லம்மா, உடம்பு சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாய், இடுப்புக்குச் சூடு கொடுக்கிற பெல்ட் வேறு வாங்கி அனுப்பினாய். அப்பா சாயங்காலம் ஆனால் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து பொறுமையாகத் தேய்த்துவிடுவார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நர்சரி இருக்கிற பக்கம் பஸ் கிடையாது, நடக்கிற தூரமும் இல்லை, வேலையை விட்டுவிட்டேன். நர்சரிக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நட்டது எதுவும் பட்டுப்போனதில்லைக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உன்னோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று உனக்குச் சரி சொன்னதும் அந்த வாரம்தான்.

கிளம்பப் போகிறோமே, சைக்கிளை எதிர்வீட்டு நர்ஸ் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது, நேரங்கெட்ட நேரத்தில் ஷிப்டுக்குப் போகிறவள், அவளுக்கு உதவும். கிழிந்த சீட்டோடு கொடுக்க மனம் வரவில்லை, வீட்டிலேயே உறை மாற்றிவிடலாம் என்றேன். அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "நீ எதுக்கு அதைத் தொடறே, சீட் புதுசாவே கிடைக்குது, வாங்கி மாட்டிடலாம்" என்றார். கிழிந்த காலண்டரைக்கூடத் தூக்கிப்போட மனசு வராத மனிதர் புதுசு வாங்கலாம் என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் ஸ்பானரைக் காணோம். நான் மாடிக்காரரிடம் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டேன், அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்துச் சீட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்துக் கவிழ்த்துப் போட்டேன். அடியில் உறையை உள்பக்கமாக மடித்துக் கிளிப் அடித்திருப்பார்கள், தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டே வந்தேன். பின்பக்கம் வந்தால் கிளிப் இல்லை, மெழுகு தடவிய வெள்ளை நூலில் தையல். அச்சகத்தில் பைண்டிங் செய்தவரைக் கட்டிக்கொண்டவளுக்கு அந்தத் தையலை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை, நம் வீட்டுத் தலையணை, நீ பள்ளிக்கூடம் கொண்டுபோன பை எல்லாவற்றிலும் அதே கைதான், ஒரே இடைவெளி, முடிச்சு உள்ளே மறைந்திருக்கும். பிரித்தேன். கைக்குத் தெரியாமல் இருக்க மேலே மெல்லிசாக ஒரு ஸ்பாஞ்ச் பட்டை, மற்றபடி ஸ்பாஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் பைண்டிங் அட்டை, அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டி, சீட்டின் வடிவத்துக்கு அச்சாக வெட்டி, மூலையை உப்புத்தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்கி வைத்திருந்தது. வேறு யாராவது இருந்தால் ஸ்பாஞ்சை உருவிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள், நானும் எலி கடித்தது என்று எலியைத் திட்டியிருப்பேன். உன் அப்பாவுக்குத் திருட்டு வேலையைக்கூட அரைகுறையாகச் செய்ய வராது.

அவர் புதுக் கிராப்போடு வாசலில் வந்து நின்றார், மேஜையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவராகவே, "சைக்கிளைப் பூட்டி வெச்சா சண்டைக்கு வருவாங்க, அவங்களே வேணாம்னு விடற மாதிரி ஏதாவது பண்ணுங்கப்பான்னு உன் பொண்ணுதான் சொன்னா. எனக்கும் பயமா இருந்துச்சு" என்றார். அட்டை அவர் யோசனையாம், பெல்ட் உன் யோசனையாம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நீ பயந்தது எனக்குப் புரிகிறது கண்ணு, ரத்தம் ஒழுகின கையோடு நான் வீடியோவில் நின்றதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். பயந்ததற்கு நான் கோபப்படவில்லை. சண்டை போட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், கிளம்பி வந்து சைக்கிளைத் தெருவில் போட்டு உடைத்திருக்கலாம், நான் தாங்கியிருப்பேன். என் உடம்பையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டீர்கள். கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே கிழவி என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். உள்ளே அட்டை இருப்பது தெரிந்தே ஒருத்தர் என் இடுப்பைத் தேய்த்துவிட்டார், தெரிந்தே ஒருத்தி இன்னிக்கு வலி எப்படி இருக்கும்மா என்று கேட்டாள். எனக்கு நல்லது என்று நீங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசினீர்கள், அந்தப் பேச்சில் நான் மட்டும் இல்லை. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சீட்டைப் பாதியில் விடவில்லை. பழைய சோபா மெத்தையிலிருந்து ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டினேன். மேலுறைக்கு, நீ அலமாரியில் விட்டுப்போன கறுப்பு ரெக்ஸின் பையை வெட்டிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்காமல் செய்வதுதானே இப்போது நம் வீட்டு வழக்கம். முதல் தடவை சீட்டின் கூர்முனையான மூக்குப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக வந்து கேவலமாக இருந்தது. பிரித்தெடுத்து, முடி உலர்த்துகிற மெஷினால் ரெக்ஸினைச் சூடாக்கி, மூக்கில் முதலில் ஒட்டிவிட்டுப் பின்னால் இழுத்து, துணி காயப்போடுகிற கிளிப்பையெல்லாம் சுற்றி மாட்டிக் காயவிட்டேன், அப்புறம் படிந்தது. அப்பா அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "தையல் மட்டும் நான் போட்டுத் தரட்டுமா" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் தையல் கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச். மாட்டிக்கொண்டு கடைத்தெரு தாண்டி நர்சரி வரைக்கும் ஒரே மூச்சில் போய்விட்டேன், ஒரு வலியும் இல்லை. வலி இல்லை என்று தெரிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டு, தெருவிலேயே அழுதேன். என் இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. நாற்று மாற்றுகிற நாட்களில் மட்டும் வாருங்கள் என்று நர்சரிக்காரம்மா சொன்னாள், அதற்குத்தான் போகிறேன். சைக்கிளைத் தருவதாக வாய்விட்டுச் சொல்லியிருந்த நர்ஸ் பெண்ணிடம், இனி இல்லை என்று சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அப்பாவோடு தேவைக்கு மட்டும் பேசுகிறேன். நீ போன் செய்து அவரைக் கோபிக்காதே, அந்த வேலையை நான் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பான், கவனமாக இரு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், ஒருத்தருக்கொருத்தர் ஒளிவுமறைவு இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. எனக்காக ஜன்னல் பக்கத்து அறையைக் காலிசெய்து வைத்திருப்பதாகச் சொன்னாய். அதில் குட்டியின் சாமான்களை வைத்துக்கொள். உன்னிடம் சரி சொன்னவள் இடுப்பு ஒடிந்த ஒரு கிழவி, அவளை நீயும் அப்பாவுமாகச் செய்தீர்கள். அவள் இங்கே இல்லை. நான் வரவில்லை.

உன் மேல் இன்னும் பாசம் குறையாத,
அம்மா