பஞ்சும் அவசரக்குடுக்கையும்

மார்ச் 3, செவ்வாய்
குட்டிக்கு ஒன்பது மாதம் முடிந்தது. காய்ச்சல் இல்லை. ஆனாலும் நெற்றியை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

கார் பந்தய இணையதளத்தின் ஆசிரியை போன் செய்தார். வாசகர் பகுதியில் நான் கிறுக்கியதையெல்லாம் படித்திருக்கிறார்! "மூணு கட்டுரை எழுதுங்க. அப்புறம் வாரம் ஒண்ணு தரலாமான்னு சொல்றேன்." வாரம் ஒன்று! வேலையை விட்டதிலிருந்து, டயப்பர் எங்கே என்பதைத் தவிர யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை.

மார்ச் 5, வியாழன்
முதல் கட்டுரை போய்விட்டது. பஞ்சு என்ற மூத்த பந்தய ஓட்டுநரைப் பற்றி. முப்பத்தெட்டு வயது, இந்த சீசனோடு அணி கழற்றிவிடும் என்கிறார்கள். கழற்றட்டும், பார்ப்போம். குட்டி தூங்க வேண்டுமே என்று டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன். வர்ணனையாளர் யாரைப் புகழ்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஓட்டுகிறவரின் கை மட்டும் தெரியும். ஒரு வளைவுக்குப் பஞ்சு ஸ்டீயரிங்கை ஒரே ஒரு தடவைதான் திருப்புகிறார். தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்துகிற கை! டயர் எப்படித் தேயும்?

மார்ச் 8, ஞாயிறு
இரண்டாவது கட்டுரை, இளம் ஓட்டுநர் அவசரக்குடுக்கையைப் பற்றி. இருபத்தொரு வயது. பெயர் நான் வைத்தது. என் வீட்டுக்காரர் அவனுடைய பரம ரசிகர், பொறுக்குமா?

"எப்படிப் பறக்கறான்! அவனைப் போய்..."

"பறக்கறான். ஒரே வளைவுல மூணு தடவை ஸ்டீயரிங்கைத் திருத்தறான். நாப்பது சுத்துல பின் டயர் செத்துடும்."

"நீ குட்டிக்குச் சட்டை போடறப்ப எத்தனை தடவை திருத்தறே?"

சிரித்து வயிறு வலித்துவிட்டது. ஆனாலும் எழுதினேன்: இப்படியே ஓட்டினால் மூன்று வருடத்தில் ஆள் காணாமல் போவான். ஆசிரியை அந்த வரியை வெட்டவில்லை. ஐயோ.

மார்ச் 14, சனி
நாளைக்கு மூன்றாவது. பந்தயம் நடக்க நடக்கவே எழுதி அனுப்ப வேண்டும். ஐம்பது சுற்று. நாற்பது வரை அவன் முன்னால், அப்புறம் பஞ்சு, இதுதான் என் கணக்கு. குட்டி அழுதால்? காய்ச்சல் வந்தால்? எனக்கு வந்தால்?

மார்ச் 15, ஞாயிறு
செத்தேன்.

மழையால் தொடக்கம் தாமதம். நேரம் போதாமல் முப்பத்தாறு சுற்றாகக் குறைத்திருக்கிறார்கள். வர்ணனையாளர் சொல்லியிருப்பார், நான்தான் சத்தம் வைக்கவில்லையே. திரையின் கீழ் மூலையிலாவது சுற்று எண் ஓடியிருக்கும். அங்கேதான் குட்டி, டிவி மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எழுந்து நின்றாள்! மூலை முழுக்க அவள் தலை. நான் காகிதத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்து நாலாவது கோட்டில் எழுதி அனுப்பினேன்: "இன்னும் பதினாறு சுற்று இருக்கிறது. பஞ்சு அவசரப்படத் தேவையில்லை."

இரண்டே சுற்றில் கொடி ஆட்டிவிட்டார்கள். அவசரக்குடுக்கைக்கு வெற்றி. பஞ்சு அரை விநாடி பின்னால்.

ஒரு வாசகர்: "எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. இந்தம்மா மட்டும் இன்னும் ஓட்டிக்கிட்டிருக்காங்க."

இனி யார் எனக்கு எழுதத் தருவார்கள்? ஏன்தான் நான் இப்படி — ஆனா அவ நின்னாளே! நின்னாளே!

மார்ச் 16, திங்கள்
ஆசிரியையிடம் ஒளிக்காமல் சொன்னேன். சத்தம், தலை, கோடு, எல்லாம். போச்சு என்று நினைத்தேன். பார்த்தால், சிரிக்கிறார், மூச்சு வாங்கச் சிரிக்கிறார்.

"இதையே எழுதிக் கொடுங்க. யாரு எத்தனை தடவை திருப்பினாங்கன்னு கணக்கோட."

எழுதினேன். கடைசிச் சுற்றில் ஒரே வளைவில் அவசரக்குடுக்கை நான்கு தடவை திருத்தினான். அதையும்.

மார்ச் 20, வெள்ளி
வாரம் ஒன்று!!! வீட்டுக்காரர் குட்டியைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார். "விழுந்துடப் போறா!" என்று கத்திக்கொண்டே நானும் ஆடினேன்.

மார்ச் 29, ஞாயிறு
முழு ஐம்பது சுற்று. இரண்டு தடவை விசாரித்துக்கொண்டேன். நாற்பதில் அவன் முன்னால், பஞ்சு ஒட்டிக்கொண்டு பின்னால். டயர் சாகட்டும் என்று காத்திருந்தேன். சாகவில்லை. அவன் கையைப் பார்த்தேன். ஒரு தடவை. அடுத்த வளைவு? ஒரே தடவை! என் கட்டுரையைப் படித்திருப்பானோ? சீச்சீ, யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ...இருந்தாலும்?

அவன்தான் ஜெயித்தான். இறங்கியதும் பஞ்சு அவன் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று வீட்டுக்காரர் அறையைச் சுற்றி வந்தார். "முதல்ல அந்தப் பேரை எடு."

ஆறு மணிக்குள் கட்டுரை போக வேண்டும். முதல் வரி: "அவசரக்குடுக்கையைப் பற்றி நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்."

அனுப்பிவிட்டேன். மீதிப் பாதியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.