மூன்று முறை வாசித்த ஓலை

அன்பு மகளுக்கு,

நம் பழைய மாதா கோயிலைத் திங்கட்கிழமை இடிக்கிறார்கள். "செவுரெல்லாம் விரிசல் வுட்டுக்கினு இருக்குது பெரியவரே" என்கிறார் மேஸ்திரி. முப்பது வருடமாக மணியடித்து, பூசையில் ஓலை வாசிக்கும் கோயில்பிள்ளை எனக்குத் தெரியாததா?

விழா மலருக்குக் கோயில் வரலாறு எழுதச் சொன்னார் பங்குச் சாமியார். தேக்கு உத்தரம், செங்கல் வளைவு, மணிக்கூண்டு என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது. எழுதாமல் விட்டது ஒன்றுதான்.

பெரிய காஞ்சிபுரத்து இந்து நெசவாளர் வீட்டுப் பையனை நீ கட்டிக்கொள்ளச் சாமியாரே சம்மதித்தார். உன் கல்யாண அறிவிப்பு ஓலையைப் பூசையில் வாசிக்க மாட்டேன் என்றவன் நான். நீங்கள் இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டீர்கள்.

மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அந்த ஓலையை, நேற்று ஆளில்லாத கோயிலில் மூன்று முறை வாசித்தேன். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று முறையும் கேட்டேன்.

வளைவில் மோதி என் குரல்தான் திரும்பி வந்தது. இந்த முறை நானும் தடை சொல்லவில்லை.

அப்பா