விஸ்மாவின் சுவரில் நம் திராட்சை

அன்புள்ள ஆல்டிஸ்,

அயர்லாந்தில் நலமாக இருப்பாய் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

இங்கே ஆகஸ்ட் முழுக்க மழை. விறகை மூடிவிட்டேன். பூனை மறுபடி குட்டி போட்டிருக்கிறது. தெற்குச் சுவரில் நீ நட்ட விதையில்லாத் திராட்சை இந்த வருடம் கொள்ளையாகக் காய்த்தது. நீ வரும்போது கொடி நிறையத் தொங்கவேண்டும் என்று ஒரு கொத்தைக்கூடக் கிள்ளவில்லை, ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. பாதி பச்சையாகவே நின்றுவிட்டது. மீதி சாம்பல் பூத்து அழுகிவிட்டது.

நேற்று காலண்டரில் விஸ்மா என்ற பெயருக்கான நாள், பக்கத்து வீட்டு விஸ்மாவுக்குப் பெயர்நாள். கூப்பிடாமலே போகிற விசேஷம், போகாவிட்டால் ஊர் பேசும். சீரகம் போட்ட பாலாடைக்கட்டி செய்து எடுத்துப்போனேன். மேசை நடுவில் தட்டு நிறைய இளஞ்சிவப்புத் திராட்சை. ஒன்றை வாயில் போட்டேன். ஒரே தித்திப்பு, விதையே இல்லை. நம் வீட்டு ஜாதியேதான்!

கொடி ஏது என்று கேட்டேன். "உன் வீட்டுக்காரர் அயர்லாந்து போறதுக்கு முன்னாடி குடுத்த குச்சிதான் சர்மீதே" என்றாள். "ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணிடுவாரு. கொத்துல பாதிய வெட்டிடு, மறைக்கிற இலையக் கிள்ளு, மழை படாம மேல பாலிதீன் கட்டுன்னு ஒண்ணு விடாம சொல்வாரு. உனக்கும் சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றேன். வேறு என்ன சொல்ல?

விருந்துக்கு வந்திருந்த அந்த இமான்ட்ஸ் கிழவர் வாய் சும்மா இருக்குமா? "செடி குடுத்தவங்களுக்கு வாயால நன்றி சொன்னா செடி பட்டுப்போகும்னு பெரியவங்க சொல்வாங்க. விஸ்மா வேற எப்படியாவது சொல்லியிருப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஸ்மா மட்டும் சிரிக்கவில்லை. காது சிவக்க எழுந்து காப்பி போடப் போய்விட்டாள்.

என்னிடம் ஞாயிற்றுக்கிழமை என்ன கேட்கிறாய்? விறகு இருக்கா, கூரை ஒழுகுதா. அதோடு வைத்துவிடுகிறாய். கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுண்டா? பொறாமைதான் ஆல்டிஸ், மறைக்கமாட்டேன். வயிறு எரிகிறது. புருஷனைப் பறிகொடுத்தவள், பாவம் என்று அவளுக்காக நானே உன்னிடம் பரிந்து பேசியிருக்கிறேன். இனி பேசமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கோடரியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன். ஓங்கிய கை இறங்கவில்லை. அழுதுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச்சில் கொடியில் சாறு ஏறுவதற்குள் கிளை கழிக்கவேண்டுமாம், அதையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ போனில் சொல்லிக்கொடுத்தால் நான் கேட்கமாட்டேன். நீயே வந்து வெட்டு. எந்தத் தேதி என்றுகூட எழுதவேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எந்த வீட்டுக்கு வருவாய் என்பதை மட்டும் எழுது.

அங்கே குளிர் அதிகமாமே, கம்பளி உள்சட்டையைக் கழற்றாதே. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

இன்றுவரை உன் மனைவி,
சர்மீதே