பத்து வருஷத் தோள் வலி

ஆனி 2, திங்கள்
காலையிலேயே புழுக்கம். சிதம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து கடலூர் வரை நின்றபடியே. இன்ஷூரன்ஸ் ஆபீஸ். வீட்டுக்காரர் கழுத்துக்குச் செயற்கை டிஸ்க் வைக்கப் பணம் கேட்டிருந்தோம். கிடையாதாம்.

"டிஸ்க்குக்கு கவர் இருக்கும்மா. ஆனா பத்து வருஷமா வலின்னு ஆஸ்பத்திரி பேப்பர்ல இருக்கே. பாலிசி எடுத்தது போன வருஷந்தானே? முன்னாடியே இருந்த நோய்க்குக் கெடையாதும்மா."

பத்து வருஷமா? தை மாதம்தானே வலியே வந்தது!

வாங்க: மாத்திரை, பச்சைப்பயறு, ஆட்டோ துடைக்கத் துணி. (ஓடாத ஆட்டோவுக்கு எதற்கு? அடித்துவிட்டேன்.)

ஆனி 3, செவ்வாய்
அவரிடமே கேட்டேன். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டதும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"பத்து வருஷமா சாமி தூக்குறேன் சார், தோள் வலிக்காத திருவிழாவே கெடையாதுன்னு சொன்னேன். தப்பா?"

சாமி தூக்குகிற ஆட்கள் எல்லாருமே இப்படித்தான். தோள் காய்த்தால் பெருமை, வலித்தால் இன்னும் ஜாஸ்தி பெருமை. கோபம் கோபமாக வந்தது. முகத்தைப் பார்த்ததும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனி 5, வியாழன்
தோள் வலி வேறு, டிஸ்க் வேறு என்று டாக்டர் கடிதம் தந்தார். மறுபடி கடலூர்.

"மொதல்ல சொன்னதத்தாம்மா எடுத்துக்குவாங்க. மேல எழுதிப் போடுங்க. மாசக்கணக்குல ஆவும்."

டிஸ்க் நரம்பை அழுத்துகிறதாம், அதுவரை அவர் கை தாங்காது. நேற்றுகூட டம்ளர் நழுவியது. அரசு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து எலும்பைச் சேர்த்துவிடுவார்கள், இலவசம். ஆனால் கழுத்து முன்போலத் திரும்பாது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு!

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட் அம்மா, "யாரு தவறிட்டாங்க?"

வீட்டில் அவர் சிரிக்கிறார். "வண்டியில கண்ணாடி எதுக்குடி இருக்கு?"

ஆனி 11, புதன்
தூறல். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். பிளேட்தான்.

சாயங்காலம் சாமி புறப்பாடு. தெற்கு வீதி முனையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தண்டில் தோள் கொடுத்திருந்த சங்கர், இவர் கூட்டாளி, கத்தினான். "மச்சான், ஒன் எடத்துல யாரையும் விடல!"

உண்மைதான். நடுவில் ஓர் ஆள் இடம் காலி.

"ஆளப் போடுங்கடா. ஒரு பக்கமா சாயுது பாரு," என்றார் இவர்.

யாரோ ஓடிப்போய்த் தோள் கொடுத்தார். சாமி எங்களைக் கடந்தது. இவருக்கு வலியில் கழுத்து அந்தப் பக்கம் போகவில்லை. நாற்காலியோடு சேர்த்து இவரைத் திருப்புவதற்குள் சாமி மேல வீதிக்கு வளைந்துவிட்டது.