மாபிள் பதித்த ஸ்ரூடியோ

யூன் 9

பஸ்ஸால் இறங்கி முகம்கூடக் கழுவவில்லை. அப்பா கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். திறந்தால், நாலு சுவரும் மேல்வரைக்கும் வெள்ளை மாபிள். நிலமும் மாபிள். நான் கொழும்பில் ஒலிப்பதிவு படித்து முடித்த கடைசி மாதத்தில், எனக்குத் தெரியாமல் மேசனைப் பிடித்துச் செய்வித்திருக்கிறார். மகளுடைய ஸ்ரூடியோவாம்.

"கழுவித் துடைக்கச் சுகம், பிள்ளை. தூசி ஒண்டும் அண்டாது."

"நல்லாயிருக்கப்பா" என்றேன். கடைசி எழுத்து சுவருக்குச் சுவர் ஓடி விளையாடியது.

படித்த ஆறு மாதமும் படிப்பித்த சேர் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது ஒன்றுதான். சின்ன அறையில் சுவர் வழவழப்பாக இருந்தால் பாட்டு கெட்டது, முதலில் எதிரொலியை அடக்கு. அதை இப்போது யாருக்குச் சொல்வது? சீவரத்தினம் என்ற இந்த மனுசன் குளியலறைக்கே இன்னும் மாபிள் போடவில்லை. முதல் மாபிள் எனக்குத்தான்.

யூன் 11

அம்மாவோடு பேச்சுவார்த்தை முடிந்தது. கொழும்பில் விளம்பரம் செய்கிற கம்பனி ஒன்று வேலை தரக் காத்திருக்கிறது. எனக்கு விருப்பமில்லை. இங்கே, ஏழாலையில், எங்கள் வீட்டில் இருந்து பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பராசக்தி அம்மையாரின் தீர்ப்பு இது: எங்கள் பிள்ளையார் கோயில் ஊஞ்சற்பாட்டைப் பதிவு செய்கிற வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது அல்லவா, அது சரிவந்தால் இருக்கலாம். சரிவராவிட்டால் தேர்த்திருவிழா முடிந்த கையோடு கொழும்பு பஸ். அப்பா சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

பின்னறையைக் கேட்டு வாங்கியதும் நான்தான். போன வருசம் அதற்குள் நின்று போனில் பாடி அனுப்பித்தான் படிக்க இடம் கிடைத்தது. எந்த ஸ்ரூடியோவில் எடுத்தது என்று சேர் கேட்டார். அப்போது அது விதை வெங்காயத்தைக் கம்பியில் கட்டித் தூக்குகிற அறை. வெங்காயத்தோடேயே இவ்வளவு நன்றாகக் கேட்டால், துப்பரவாக்கினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் மாபிள் இல்லை.

யூன் 15

அறை நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன். ஒரு தட்டுக்கு "டிர்ர்ர்" என்று தகரப் பேணிக்குள் கல் உருட்டின மாதிரி ஒரு வால். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, அச்சாக் குளியலறை, பைப் எங்கே என்று கேட்டார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடியில் போய் நின்று அழுதேன். கொஞ்சம்தான்.

யூன் 22

அம்மா முட்டை அடுக்குகிற மட்டை கொண்டுவந்தார். சந்தியில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, இரண்டு உரப்பை நிறைய. ஸ்ரூடியோ என்றால் முட்டை மட்டை ஒட்டுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதால் பெரிய பிரயோசனம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அம்மா தீர்ப்புத்தான் கடுமையாகச் சொல்லுவாரே தவிர, மட்டை பொறுக்கித் தந்ததும் அவர்தானே. ஒட்டினேன். மாபிளில் பசை பிடிக்கவில்லை. விடியப் பார்த்தால் எல்லாம் நிலத்தில்.

யூன் 29

மூலைகளில் தென்னந்தும்பு மெத்தை நிமிர்த்தி வைத்தேன். இது நல்ல வேலை. அடித்தொனியின் உறுமல் அடங்கிவிட்டது. ஆனால் சுவர்? கனத்த போர்வை தொங்கவிட ஆணி அடிக்க வேண்டும். ஆணி அடித்தால் மாபிள் வெடிக்கும். மாபிள் வெடித்தால் அப்பா — வேண்டாம்.

யூலை 6

குணலட்சுமி ரீச்சர் பாடிப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவர், ஊஞ்சற்பாட்டைப் பாடப்போகிறவர் அவர்தான். தேன் மாதிரிக் குரல், வாய் மட்டும் மிளகாய். ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போட்டுக் கேட்டார்.

"ஏன் பிள்ளை, நான் கிணத்துக்குள்ளை விழுந்து கிடந்தே பாடினனான்?"

கோயில் தலைவர் இளையதம்பி ஐயாவும் கூட வந்திருந்தார். நல்ல மனுசன், என்னைத் திட்டவில்லை. ஓகஸ்ட் பிறக்க முன்னம் சரியாக்கு, இல்லையென்றால் யாழ்ப்பாண ரவுண் ஸ்ரூடியோவில் கொடுத்து எடுப்பிக்கத்தான் வேணும் என்று மெல்லமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார். அப்பா அவருக்கு மாபிளைக் காட்டிக்கொண்டு நின்றார்.

யூலை 7

கொழும்புக் கம்பனி திரும்பவும் மெசேஜ். பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை.

யூலை 13

தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்தாயிற்று. நல்ல விளைச்சல். விதைக்கென்று பொறுக்கியெடுத்ததை அப்பா பிடி பிடியாகக் கட்டித் தகரக் கொட்டிலில் தூக்கியிருக்கிறார். வழக்கமான இடத்தை நான் பிடித்துக்கொண்டேனே. கொட்டில் வெக்கை விதைக்குக் கூடாது என்று அம்மா முணுமுணுத்தார். அப்பா கேட்காத மாதிரி அடுத்த பிடியைக் கட்டினார். நானும் கட்டினேன், ஆனால் மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான். என் கவலை எனக்கு.

யூலை 19

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டாலும் நித்திரை வராது.

நானும் அம்மாவும் சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்த நேரம் மழை கொட்டியிருக்கிறது. ஆடியில் மழை! திரும்பி வந்து பின்னறைக் கதவைத் திறந்தால் வெங்காயம். கூரைக்குக் கீழே இருந்த பழைய கம்பிகளில் வரிசை வரிசையாக, மைக்குக்கு மேலே, கொம்பியூட்டருக்கு மேலே, சுவரோரமெல்லாம் வெங்காயம். அப்பா நனைந்த தலையோடு கடைசிப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கொட்டில் ஒழுகுது பிள்ளை. இண்டைக்கு மட்டும் —"

எனக்கு வந்த விசர்! கிணறு, இளையதம்பி ஐயா, கொழும்பு பஸ் எல்லாம் ஒன்றாகத் தலைக்கு ஏறியது.

"மாபிளைப் பதிச்சு அறையைப் பழுதாக்கினது போதாதே அப்பா? இப்ப வெங்காயமோ?"

ஆறு கிழமையாக நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்ததை இப்படியா கொட்டுவது? அப்பா மாபிளை ஒருமுறை பார்த்தார். கையில் இருந்த பிடியைக் கம்பியில் கொழுவிவிட்டு வெளியே போனார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

அப்படியே நின்றேன். பிறகுதான் உறைத்தது. நான் கத்தியது திரும்பி வரவில்லை. ஒரே ஒரு தரம்தான் கேட்டது. அதுவும் ஒரு எழுத்துச் சிதையாமல், துப்பரவாக. கை தட்டினேன். தட்டு. அவ்வளவுதான், வால் இல்லை. திரும்பத் தட்டினேன். பாடினேன். கோதாரி, இது போன வருசத்து அறை!

காய்ந்த தாளும் குமிழுமாக ஒழுங்கில்லாமல் தொங்குகிற அத்தனை பிடியும், மாபிளில் பட்டுப் போகிற சத்தத்தைச் சிதறடித்து, மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. அறை நல்லது என்று நினைத்து, நல்லதாக இருந்ததை எல்லாம் வெளியே எறிந்தவள் நான். அதை அப்பா மாபிளால் முடித்துவைத்தார். பழி முழுக்க அவர் தலையில். நல்லாயிருக்கிறது சாருஜா, உன் நியாயம்.

யூலை 20

விடிய "டங், டங்" என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா உளியும் சுத்தியலுமாக மாபிள் முன்னால் குந்தியிருக்கிறார். ஒரு கல்லின் மூலை உடைந்துவிட்டது.

சுத்தியலைப் பறித்தேன். மன்னிப்புக் கேட்டேன் — கேட்டேனோ, அழுதேனோ, இரண்டும் கலந்துதான் வந்தது. முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை என்றார் அப்பா. எப்படிச் சொல்ல என்றேன். பிறகு அவரை அறை நடுவில் நிறுத்திக் கை தட்டச் சொன்னேன். தட்டினார். வெங்காயத்தை எல்லாம் வெளியே எடுத்து, திரும்பத் தட்டச் சொன்னேன். தட்டினார். முகம் மாறியது.

"அட, இதுகளுக்கு உந்த வேலையும் தெரியுமே?"

மத்தியானம் வரை கொழுவியும் கழற்றியும் பார்த்தோம். பாடுகிறவரின் முதுகுப் பக்கம் நெருக்கமாக, பக்கச் சுவரில் கொஞ்சம் ஐதாக, மைக்குக்கு மேலே மூன்று வரிசை. மூலைகளில் தும்பு மெத்தை. விதைக்கும் கொட்டிலைவிட இது குளிர்மை. அம்மா எட்டிப் பார்த்து, இரண்டு விசரும் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிப் போனார்.

யூலை 28

பதிவு. காற்றாடி போட்டால் வெங்காயத் தாள் சரசரக்கிறது, அதனால் காற்றாடி இல்லை. ரீச்சர் வியர்வையில் தோய்ந்து, வெங்காய மணத்தில் மூக்கைச் சுளித்து, தான் பாடவந்தவளோ கறிக்கு அரியவந்தவளோ என்று கேட்டுக்கேட்டுப் பாடினார். வெளியே அப்பா சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், எங்கடை பிள்ளை பதியுது, தண்ணி இறைக்கிற மெசினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ என்று கெஞ்சிக்கொண்டு திரிந்தார். வெளிச் சத்தத்தை எந்த வெங்காயமும் தடுக்காது.

முடிந்ததும் ரீச்சர் ஹெட்போனில் முழுப் பாட்டையும் கேட்டார். நான் நகம் கடித்தேன். கழற்றி வைத்துவிட்டு, "இது நான்தான்" என்றார். மிளகாய் வாயிலிருந்து அது போதும்.

ஓகஸ்ட் 4

இளையதம்பி ஐயா கேட்டார். இரண்டாம் முறை போடச் சொன்னார். ஊஞ்சல் ஆடுறது தெரியுது பிள்ளை என்றார். ரவுணுக்குப் போகத் தேவையில்லை!

ஓகஸ்ட் 26

தேர். நான் பாடுபட்டு, மூச்சு எடுக்கிற சத்தம்வரை பார்த்துப் பார்த்துச் செய்த பாட்டைப் பனையில் கட்டின லவுட்ஸ்பீக்கரில் போட்டார்கள். தகரத்தில் தகரம் உரசின மாதிரி ஊர் முழுக்கக் கேட்டது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அப்பா மட்டும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், என்ன தெளிவு பாருங்கோ என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

செப்ரெம்பர் 2

கொழும்புக்கு "வரவில்லை, நன்றி" என்று எழுதி அனுப்பினேன். அம்மா நான் கேளாமலே பால் தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்.

ஒக்ரோபர் 18

இந்த மாதம் மூன்று வேலை. ஒரு கல்யாணப் பாட்டு, ஒரு பள்ளிக்கூடக் கீதம், உடுப்பிட்டிப் பெடியள் இருவரின் பாட்டு. உடுப்பிட்டிப் பெடியள் போகும்போது ஆளுக்கொரு வெங்காயப் பிடியோடு படம் எடுத்தார்கள்.

நவம்பர் 30

பயந்திருந்த நாள் வந்துவிட்டது. மழை ஓய வெங்காயம் நடவேண்டும். விதை இறங்க வேண்டும். எனக்கு அடுத்த கிழமை பதிவு இருக்கிறது. தோட்டக்காரனிடம் விதையைக் கேட்பது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்குத் தெரியும். ஆணி வேண்டாம், வெங்காயக் கம்பியிலேயே போர்வை தொங்கவிடக் கயிறு வாங்கி வைத்தேன். போர்வை அரைவாசி வேலைதான் செய்யும், பரவாயில்லை.

அப்பா விடியவே வந்து ஒவ்வொரு பிடியாகக் கழற்றினார். பக்கச் சுவர் வெறுமையாயிற்று. முதுகுப் பக்கத்துக்கும் மைக்குக்கு மேலே உள்ள மூன்று வரிசைக்கும் வந்தபோது கையை எடுத்துவிட்டார்.

"உதுகள் பழுது பிள்ளை. நட்டாலும் முளைக்காது. உங்கை கிடக்கட்டும்."

அப்பாடா! உண்மையாகவே துள்ளினேன். பழுதான வெங்காயத்துக்கு இவ்வளவு சந்தோசப்பட்ட ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

டிசெம்பர் 20

பின்னேரம் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டு தோட்டத்துக்குப் போனேன். கிணற்றடிப் பக்கம் கொத்தி, பசளை போட்டு, பாத்தி கட்டி, ஒன்றும் நடாமல் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அது ஏன் என்று கேட்டேன். நிலத்துக்கும் ஆறுதல் வேணுமே என்றார். பாத்தி கட்டிவிட்டா ஆறவிடுவது?

டிசெம்பர் 27

மழை ஈரத்தில் பின்னறைக் கதவு இறுகிக் கிடந்தது. தள்ளித் திறந்து லைற்றைப் போட்டேன். மைக்குக்கு மேலே உள்ள வெங்காயம் முளைத்திருக்கிறது. முதுகுப் பக்கமும். ஒன்று இரண்டல்ல, எல்லாப் பிடியும், விரல் நீளத்துக்குப் பச்சைப் பச்சையாக.

நல்ல விதை.

எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பின்னால் அப்பா வந்து நின்றார். அவரும் பார்த்தார். நான் எட்டி ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தேன்.

"உது பாட்டுக் கேட்டு முளைச்சிருக்கும்" என்றார்.

நான் ஓமப்பா என்றேன்.