ஊற்று மணலில் உங்கள் நடை

அக்கா, காலையில் பரணைத் துடைத்தபோது குடத்துக்கு அடியில் தலையில் வைக்கிற உங்கள் சும்மாட்டுத் துணி கையில் கிடைத்தது. உதறினேன், நீங்கள் பிறந்து நடை பழகிய தேரிக்காட்டுச் செம்மணல் இன்னும் உதிர்கிறது. நீங்கள் போய் வருசம் ஒன்றாகிறது. எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் நாம், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஸ்ரீவைகுண்டத்து வயலில் வளர்ந்தவள் நான். சேற்றில் பெருவிரலை ஊன்றிக் குதிகாலைப் பிடுங்கி நடந்த கால் இது. தூத்துக்குடிக் கடற்கரை வீட்டுக்கு வந்து, மணல் ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போன முதல் நாளும் அதே நடைதான் நடந்தேன். ஊன்றிய விரல் குழி பறித்தது, குதிகால் புதைந்தது, கெண்டைக்கால் கல்லாக இறுகியது. தலைக்குடம் ஆடி முதுகெல்லாம் ஈரம். நீங்களோ பாதத்தை முழுசாகப் பரத்தி, முழங்காலை லேசாக மடக்கி, அடியைக் குறுக்கி வைத்துப் போனீர்கள். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை.

"மூத்தவ நடக்கதப் பாருளா. நீ கொண்டாரதுல பாதி மண்ணுக்குத்தான்" என்றார் மாமியார். அந்த வாயிலிருந்து எனக்கென்று ஒரு நல்ல சொல் வாங்கிவிட வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசை இல்லை.

"மணலக் குத்தாதளா, பாதத்த அப்பி வை" என்று நீங்கள் சொல்லத்தான் செய்தீர்கள். நீங்கள் சொல்லி நான் கேட்பதா?

உலகச் சண்டைக் காலத்தில் துறைமுகத்தில் குண்டு விழும் என்று ஊர் காலியானபோது, எல்லோரும் என் பிறந்த வீட்டுக்குப் போனோம். இப்போது பார்த்துவிடலாம் என்று உங்களை நடவுக்கு இழுத்தேன். அப்பிய பாதத்தைச் சேறு விடவில்லை. தொப்பென்று விழுந்தீர்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள் பாருங்கள், வயல் முழுக்கச் சேர்ந்து சிரித்தது. என்னைப் பெற்றவள் ஓடிவந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய் உங்கள் தலைக்கு வெந்நீர் ஊற்றினாள். தடுமாறாமல் நான் நட்டு முடித்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு வீட்டுத் தண்ணீர் முழுவதும் என் தலையில். கால் எப்போது மாறிக்கொண்டது என்று தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தேன். முற்றத்தில் மாமியார் இருந்தார். கண்ணும் நினைவும் மங்கிவிட்டன அவருக்கு. தூரத்தில் என் நடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வந்துட்டியாளா? உன்ன மாதிரி யாருளா நடப்பா!"

"ஆமா அத்தே" என்று குடத்தை இறக்கினேன்.

செத்தும் விடமாட்டீர்கள், அக்கா. அந்த நல்ல சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நடையை மட்டும் நான் திருப்பித் தரமாட்டேன்.