உன் பக்கத்துப் பாட்டு

நேற்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் வலது காதில் ஒரு பெண் சிரித்தாள்.

முதலில் பக்கத்து சீட்டைத்தான் பார்த்தேன். அங்கே என் சாப்பாட்டுப் பைதான் இருந்தது. பின்னால் திரும்பினேன். இரண்டு அக்காக்கள் ஓவர்டைம் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் சிரிக்கிற மாதிரி இல்லை. அந்தச் சண்டைச் சத்தம் தாங்காமல்தான் இயர்போனை இரண்டு காதிலும் சொருகியிருந்தேன். சிரிப்பு பாட்டுக்குள்ளிருந்து வந்திருக்கிறது. நம் ஏழாம் நம்பர் பாட்டு. எத்தனையோ தடவை கேட்ட பாட்டில் இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கு நேற்றுவரை தெரியாது.

எப்படித் தெரியும்? நான் ஜன்னலோரம், நீ என் வலப்பக்கம். இடது வயர் எனக்கு, வலது வயர் உனக்கு. நீ இருந்தவரை அது மாறியதே இல்லை. நீ போன பிறகும் என் பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு, உன் பக்கத்தை மடியில் தொங்கவிட்டுத்தான் கேட்டுவந்தேன். ஒரு பக்கம் வருகிற சத்தம் இன்னொரு பக்கம் வராமலும் போகலாம் என்பது நம் இருவருக்கும் தெரியவில்லை.

நான் பத்தாவதில் பாதியில் நின்றவள். வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, பதினெட்டு முடிந்ததும் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு வந்தேன். யார் எது கேட்டாலும் ‘ம்’ என்பேன். அதற்குமேல் வாய் வராது. முதல் நாள் நீ பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்து, “இன்னா, ஊமையா நீ?” என்றாய். அதற்கும் ‘ம்’ என்றேன். நீ சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் நம்மைப் பார்த்தார். பிறகு நான் அக்கா என்று கூப்பிட்டதற்கு, “ரெண்டு வயசுக்கு இன்னா அக்கா? தோஸ்த்னு சொல்லு” என்றாய். தோழிக்கு உங்கள் வீட்டில் சொல்கிற அந்த வார்த்தையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

பாட்டெல்லாம் உன் போனோடு வந்தவை. ஆற்காடு பஜாரில் பழைய போன் வாங்கினாய். அதற்கு முன் வைத்திருந்தவர் அழிக்காமல் விட்ட பாட்டுகள். “ஓசில வந்துது, கேளு” என்று வயரை நீட்டினாய். ஏதோ ஒரு படத்துப் பாட்டுகள் என்று மட்டும் போட்டிருந்தது. என்ன படம், எந்த மொழி, ஒன்றும் தெரியாது. பாட்டுகளுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். பாடுகிற வார்த்தைகளும் அநேகமாக இல்லை. பாதிப் பாட்டுகள் கிளப்பில் போட்டு ஆடுகிறவை, நெஞ்சில் வந்து இடிக்கும். மீதி மெதுவானவை, கண்ணை மூடினால் மிதக்கிற மாதிரி இருக்கும். காலையில் ஆட்டம், சாயங்காலம் மிதப்பு என்று நீதான் சட்டம் போட்டாய். “காலைலயே மிதந்தா சூப்பர்வைசர் கரையேத்திடுவான்.”

பார்க்காத படத்துக்குக் கதையையும் நீயே கட்டினாய். கதாநாயகி நம் கம்பெனியில் தையல் மிஷினில் இருப்பவள். கிளப் எங்கே தெரியுமா, நம் கேன்டீனில். “டேபிள எல்லாம் ஓரமா தள்ளிட்டா ஜாஸ்தி எடம் இருக்குது. சாம்பார் வாளிய மட்டும் பாத்து ஆடணும்.” கதாநாயகிக்கு ஒரு தோழி உண்டு. எப்போதும் லேட்டாக வருவாள், வரும்போதே சிரித்துக்கொண்டு வருவாள். அவள் எங்கிருந்து வந்தாள் என்று எனக்குப் புரியாது. நான் கேட்கவும் இல்லை.

பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது பெரும்பாலும் ஏழாம் நம்பர் ஓடும். பாட்டின் நடுவில் திடீரென்று என் தொடையில் தட்டி, “பாரு, வந்துட்டா!” என்பாய். நான் பஸ் வாசலைப் பார்ப்பேன். ஓடுகிற பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? நீ துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

“கேட்டுச்சா?”

“ம்.”

எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. எதைக் ‘கேட்டுச்சா’ என்கிறாய் என்பதே புரிந்ததில்லை. தினமும் என்னைத் திரும்பிப் பார்க்கவைத்துச் சிரிக்கிறாய் என்று நினைத்தேன். ஒருநாள் கேன்டீனில் ஒரு அக்கா, “உன்ன வெச்சு அவளுக்கு நல்லா டைம் பாஸ் ஆவுது” என்றாள். அது உள்ளே தங்கிவிட்டது. உனக்கு நான் தோழியா, பொழுதுபோக்கா? பாலம் தாண்டும்வரை ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு இதையே நினைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் நீ வயரை நீட்டினால் வாங்கிக்கொள்வேன். எனக்கு வேறு யாரும் இல்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஒரு காலையில் கம்பெனி வாசலில் உன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. அன்றும் பஸ் மேல்விஷாரத்தில் உன் ஸ்டாப்பில் நின்றுதான் வந்தது.

உனக்காக ஓதிய நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு, கம்பெனியில் நம் லைனில் வேலை செய்கிறவர்களோடு நானும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பஸ்ஸுல அவ கூட உக்காந்து வர்ற பொண்ணு நீதானே? அவ தோஸ்த்து?”

நான் ‘ம்’ கூடச் சொல்லவில்லை.

“வூட்டுக்கு வந்தா அசதின்னு படுத்துக்குவா மா. எங்கிட்ட பேசவே நேரமில்ல. பஸ்ஸுல இன்னா பேசினு வருவா? நீயாச்சும் சொல்லேன்.”

“ஒண்ணும் பேசமாட்டாங்கம்மா” என்றேன்.

என் கை அவர்கள் கையிலேயே இருந்தது. பிறகு அம்மா எழுந்து உள்ளே போய், உன் இயர்போனையும் மெமரி கார்டையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். “எனக்கு இது ஆவாது. நீ கேளு.” வாசலைத் தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதல்ல. உன் பேச்சையெல்லாம் சொன்னால் அதில் நான் யாராக இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று அந்தப் பாட்டை வீடு வரும்வரை திரும்பத் திரும்பப் போட்டேன். அந்தச் சிரிப்பு ஒரே ஒரு தடவைதான் வருகிறது. யாரோ கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து சிரித்த மாதிரி. என் பக்கத்து வயரில் அது துளிகூட இல்லை, தனியாக வைத்தும் கேட்டுப் பார்த்தேன். நீ சொன்ன ‘வந்துட்டா’ இவள்தான். லேட்டாக வருகிற தோழி இவள்தான். பஸ் நிறைய ஆட்கள் இருக்க, நமக்கு மட்டும் கேட்கிற ஒன்று இருக்கிறது என்று நீ நினைத்திருக்கிறாய். நானும்தான் தினமும் ‘ம்’ என்றேனே.

இதைச் சொல்ல நீ இல்லை. ராத்திரி தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். “இன்னாடி ஆச்சு?” என்று வீட்டில் கேட்டார்கள். இது என் வீட்டில் யாருக்குப் புரியும்?

இன்று சாயங்காலம் மேல்விஷாரம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “உன் ஸ்டாப்பு இது இல்லியேமா” என்றார் டிரைவர். “தோஸ்த் வூட்டுக்குப் போறேண்ணா” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.